ஃப்ரிஹிலியானா: மலைமேல் வெள்ளைக் கிராமத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். எழுத்தைப் பார்த்து நாம் ‘ஃப்ரிஜிலியானா’ என்று படித்துவிடுவோம். ஸ்பானியர் வாயில் அது ‘ஃப்ரிஹிலியானா’. கீழே இருக்கும் கடற்கரை ஊரும் ‘நெர்ஜா’ இல்லை, ‘நெர்ஹா’. நான் முதல்முறை போனபோது பஸ் டிரைவரிடம் மூன்று தடவை ‘ஃப்ரிஜி’ என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கினார். பின்னால் நின்ற பாட்டி ‘ஹி’ என்று திருத்திய பிறகுதான் டிக்கெட் கிடைத்தது.

ஸ்பெயினின் தெற்கே ஆண்டலூசியா. அதில் மாலகா மாகாணம். அதன் கிழக்குப் பக்கம் அக்ஸார்கியா என்னும் மலைவட்டாரம். நெர்ஹாவிலிருந்து வடக்கே 6 கிலோமீட்டர் ஏறினால், அல்மிஹாரா மலைத்தொடரின் மடியில், சுமார் 300 மீட்டர் உயரத்தில் இந்த ஊர். மூவாயிரம் பேர் வாழும் சின்ன ஊர்தான். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ மலைச்சரிவில் சோழிகளை அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கும்.

பெரும்பாலானோர் இந்த ஊரை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? பதினொன்றரை மணிக்குச் சுற்றுலா பஸ்ஸில் வந்து இறங்கி, நீலக்கதவு பக்கத்தில் நின்று படம் எடுத்து, ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டு, இரண்டரைக்குப் போய்விடுகிறார்கள். அந்த மூன்று மணி நேரத்தில்தான் ஊர் மிக மோசமாக இருக்கும். வெயில் சுவரில் பட்டுக் கண்ணைக் கூசும், தெருவில் தோளோடு தோள் இடிக்கும். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். முடியாவிட்டால் காலையில் கிடைக்கிற முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். கீழே சொல்லப்போகிறதெல்லாம் இதை ஒட்டித்தான்.

எப்போது போவது

ஏப்ரல் முதல் ஜூன் பாதி வரை. இல்லையென்றால் செப்டம்பர் பிற்பாதியும் அக்டோபரும். ஜூலை, ஆகஸ்டில் படி ஏறுவது தண்டனை. குளிர்காலம் அவ்வளவு மோசமில்லை, பகலில் ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனால் இரவில் கல்வீடுகள் சில்லிட்டுப்போகும், தங்குமிடத்தில் ஹீட்டர் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ‘மூன்று பண்பாடுகளின் திருவிழா’ நடக்கும். கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் என மூன்று மரபுகளையும் முன்வைத்து 2006இல் தொடங்கிய விழா. இசை, தெருச்சந்தை, மதுக்கடைக்கு மதுக்கடை சிறுதீனி என்று ஊரே தெருவில் இருக்கும். கூட்டம் பிடிக்கும் என்றால் போங்கள். எனக்கு ஒருமுறை போதும் என்றாகிவிட்டது; அந்த நாட்களில் அறை கிடைப்பதும் குதிரைக்கொம்பு.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 180 நாளில் 90 நாள் என்பது அதன் கணக்கு. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி மாதம்வரை தள்ளிப்போட வேண்டாம்.

மாலகாவிலிருந்து மலைக்கு

மாலகா விமான நிலையத்தில் இறங்கியதும் வெளியே வந்தால் சி-1 புறநகர் ரயில். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். ஒரு திசையில் போகும் ரயில் மாலகா நகருக்குப் போகும், மறுதிசையில் போவது ஃபுவென்ஹிரோலாவுக்கு. நமக்கு வேண்டியது நகரம். மரியா சம்ப்ரானோ நிலையத்தில் இறங்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அங்கிருந்து எட்டி நடந்தால் பஸ் நிலையம்.

நெர்ஹாவுக்கு ரயில் கிடையாது. பஸ்தான், ஆல்சா நிறுவனத்தினுடையது. ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெடுஞ்சாலை வழியாகப் போகும் பஸ் ஒரு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட எடுக்கும், கடற்கரை ஊர் ஒவ்வொன்றாக நின்று போவது அதைவிட நேரம் பிடிக்கும். டிக்கெட் வாங்கும்போது இரண்டில் எது என்று கேளுங்கள். நேரம் இருந்தால் மெதுவான பஸ்ஸே நல்லது. வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் கடல் கூடவே வரும்.

நெர்ஹாவில் பஸ் நிலையம் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு பெரிய கட்டடத்தைத் தேடாதீர்கள். சாலையோர நிறுத்தம்தான். ஃப்ரிஹிலியானா போகும் உள்ளூர் பஸ் அதற்குப் பக்கத்திலேயே வரும். அது வேறு நிறுவனம், டிரைவரிடமே டிக்கெட், சில்லறை கையில் இருக்கட்டும். இருபது நிமிடம், ஏறுமுகம் முழுக்க வளைவு. ஞாயிறு, பண்டிகை நாட்களில் இந்தப் பஸ் மிகக் குறைவு. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையை ஏறுவதற்கு முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘லபொராப்ளெஸ்’ என்றால் வேலைநாள், ‘தொமிங்கோஸ் இ ஃபெஸ்டிவோஸ்’ என்றால் ஞாயிறும் விடுமுறையும். இந்த இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மலையிலிருந்து நெர்ஹாவுக்கு நடந்தே இறங்கியிருக்கிறேன். அழகான நடைதான், ஆனால் அன்று அதை ரசிக்கும் மனநிலை எனக்கு இல்லை.

காரில் வருகிறவர்கள் ஏ-7 நெடுஞ்சாலையில் நெர்ஹா–ஃப்ரிஹிலியானா பிரிவில் விலகினால் போதும். ஊருக்குள் காரை ஓட்ட ஆசைப்படாதீர்கள். கூகுள் வரைபடம் ‘தெரு’ என்று காட்டுவது பல இடங்களில் படிக்கட்டு. ஊர் முகப்பிலுள்ள பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடங்கள்.

பெட்டியும் செருப்பும்

சக்கரம் வைத்த சூட்கேஸ் இந்த ஊருக்கு ஆகாது. தெரு முழுக்கக் கூழாங்கல் பதித்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக் கற்களைக் குத்தவைத்து, கோலம்போல் வடிவம் வைத்து. பார்க்க அழகு. ஆனால் அதன்மேல் சக்கரத்தை உருட்டினால் எழும் சத்தத்தில் தெருவே எட்டிப்பார்க்கும், மூன்றாவது வளைவில் சக்கரமும் கழன்றுவிடும். முதுகுப்பைதான் சரி. வேறு வழியில்லை, பெரிய பெட்டிதான் என்றால் அதை நெர்ஹாவிலோ மாலகாவிலோ விட்டுவிட்டு ஓரிரவுக்குத் தேவையானதை மட்டும் தூக்கி வாருங்கள்.

செருப்புக்கும் இதே கதைதான். அடிப்பக்கம் வழுவழுப்பாக இருந்தால், மழை தூறிய காலையில் அந்தக் கூழாங்கல் சோப்புக்கட்டிபோல் வழுக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போவதென்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கீழ்ப்பகுதியும் காயே ரெயால் தெருவும் அவர்களுக்கு முடியும், மேல்பகுதி பெரும்பாலும் படிகள். அவர்களை நிழலில் ஒரு காபிக்கடையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஏறி வரலாம், யாரும் எழுந்திருக்கச் சொல்லி அவசரப்படுத்த மாட்டார்கள்.

மேலே ஏறும் வழி

பஸ் ஊர் முகப்பில் இறக்கிவிடும். எதிரே பெரிய, கொஞ்சம் களைத்துப்போன மாளிகை ஒன்று நிற்கும். அதுதான் எல் இன்ஹேனியோ. ஊரை ஆண்ட மன்ரிக்கே தெ லாரா பிரபுக் குடும்பம் கட்டிய வீடு. மலையுச்சியில் இருந்த பழைய முஸ்லிம் கோட்டையின் கற்களையும் கொண்டுவந்து சேர்த்துக் கட்டினார்கள். இன்றைக்கு அது கரும்புப்பாகு காய்ச்சும் ஆலை. ‘மியேல் தெ கான்யா’ என்பார்கள், நேர்ப்பொருள் ‘கரும்புத்தேன்’. தேன் ஒன்றும் இல்லை. கரும்புச்சாற்றைச் சுண்டக் காய்ச்சிய கறுத்த பாகு. முதல் துளி நாக்கில் பட்டதும் நமக்குத் தெரிந்துவிடும், பொங்கல் சமயத்து வெல்லப்பாகின் பெரியப்பா மகன் இது. ஐரோப்பாவில் இதைக் காய்ச்சும் கடைசி ஆலை இதுதான் என்பது ஊர்க்காரர்களின் பெருமை.

கரும்பை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அரேபியர்கள். பல நூற்றாண்டுகள் கீழே சமவெளியெங்கும் கரும்புத்தோட்டம்தான். இந்தக் கடற்கரையின் கடைசிச் சர்க்கரை ஆலை 2006இல் மூடப்பட்டது. கரும்பு இருந்த வட்டாரத்தில் இப்போது அவகாடோவும் மாம்பழமும், ஆமாம், மாம்பழமேதான். செப்டம்பர், அக்டோபரில் போனால் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பழத்தோடு ஒப்பிட்டுச் சண்டைக்கு நிற்காதீர்கள். நான் நின்றேன், பழக்கடைக்காரர் ரசிக்கவில்லை.

எல் இன்ஹேனியோவைத் தாண்டிப் போனால் பழைய தானியக் களஞ்சியம், ரெயாலெஸ் போசிதோஸ், 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கீழே கடைகள் வந்துவிட்டன. அங்கிருந்து காயே ரெயால் என்ற முக்கியத் தெரு மேலேறும். அதன்வழியே போனால் புனித அந்தோணியார் கோயில், 1676இல் கட்டியது. பதுவை அந்தோணியார்தான், ஜூன் 13இல் திருவிழா. வெளியே எளிமை, உள்ளே குளுமை, முன்னால் சின்னச் சதுக்கம். இங்கே நீண்ட நேரம் வேண்டாம்.

சுற்றுலா அலுவலகம் காசா தெல் அப்பேரோ என்ற பழைய கட்டடத்தில் இருக்கிறது. சின்னத் தொல்பொருள் காட்சியகமும் அதிலேயே. வரைபடத்தாள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் மூடிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம்தான் உண்மையான ஊர். பாரிபார்த்தோ என்கிறார்கள், ‘மேல்பேட்டை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாயத்தால் ஞானஸ்நானம் பெற்ற முஸ்லிம்கள், வாழ்ந்த பகுதி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள், வீட்டுக்கடியில் நுழைந்து போகும் வழிகள், முட்டுச்சந்துகள். வழி தவறுமே என்ற பயம் வேண்டாம். எங்கே தொலைந்தாலும் கீழ்நோக்கி நடந்தால் காயே ரெயால் வந்துவிடும்.

சுவர்களில் பீங்கான் ஓட்டுப் பலகைகள் பதித்திருக்கும், மொத்தம் 12. பலரும் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். இந்த ஊரில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள் என்றால், இவற்றை நின்று படியுங்கள் என்பேன். எழுதியிருப்பது ஸ்பானிய மொழியில், போன் கேமராவை நீட்டினால் மொழிபெயர்த்துவிடும். கதை இது: இரண்டாம் ஃபிலிப் மன்னர் 1567இல் ஓர் ஆணை போட்டார். மொரிஸ்கோக்கள் அரபி பேசக்கூடாது, தங்கள் உடை உடுத்தக்கூடாது, தங்கள் பெயர் வைத்துக்கொள்ளக்கூடாது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அல்புஹாராஸ் மலைகளில் கலகம் வெடித்தது. 1569 வசந்தத்தில் அது இங்கேயும் பரவியது. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக, ஊருக்குமேல் நிற்கும் பாறைமலையில் ஏறி அரண் அமைத்துக்கொண்டார்கள். முதல் தாக்குதலை அவர்களால் விரட்ட முடிந்தது. ஜூனில் லூயிஸ் தெ ரெக்கெசென்ஸ் என்ற தளபதி கப்பல்படையோடு வந்திறங்கினார். அதோடு முடிந்தது. பிடிபடுவதைவிட மேல் என்று பெண்கள் மலைமுகட்டிலிருந்து குதித்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மிஞ்சியவர்கள் துரத்தப்பட்டார்கள், கோட்டை இடிக்கப்பட்டது, வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வீடுகளில் குடியேற்றினார்கள்.

அந்த மலை வேறெங்கும் இல்லை. சந்தில் நின்று தலையைத் தூக்கினால் கூரைகளுக்குப் பின்னால் தெரிகிறதே, அதுதான். எல் ஃபுவெர்த்தே. கலகத்தை இங்கே நடத்திய எர்னாந்தோ எல் தார்ராவின் பெயரில் இன்றைக்கு ஒரு தெருவே இருக்கிறது. தோற்றவன் பெயரில் தெரு வைக்க நானூறு ஆண்டுகள் போகவேண்டியிருந்திருக்கிறது. அந்தத் தெருவும் படம் எடுப்பவர்களால் எப்போதும் நிறைந்திருக்கும்.

வெள்ளைச் சுவர்

நமக்கு இதில் விளக்கம் அதிகம் தேவையில்லை, சுண்ணாம்பு அடிப்பதுதான். ஸ்பானிய மொழியில் சுண்ணாம்புக்குப் பெயர் ‘கால்’. வெயிலைத் திருப்பி அனுப்பும், பூச்சியை அண்டவிடாது, கொள்ளைநோய்க் காலத்தில் கிருமியைக் கொல்லும் என்று வீட்டுச் சுவரெல்லாம் அடித்தார்கள். மூலைகளைக் கவனியுங்கள். கூர்மையான விளிம்பே இருக்காது. வருடாவருடம் ஒரு பூச்சு, அதன்மேல் ஒரு பூச்சு என்று ஏறி, சுவர் முனைகளெல்லாம் கரைந்த சோப்புபோல் உருண்டிருக்கும். இப்போது பலரும் கடையில் விற்கும் பெயின்ட்டுக்கு மாறிவிட்டார்கள், அது உரிந்தால் தோல்போலத் தொங்கும்; சுண்ணாம்பு மாவாய் உதிரும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே நடப்பீர்கள்.

ஒரு மே மாதக் காலை ஏழரை மணிக்கு, எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா நீளக் கழியின் நுனியில் தூரிகையைக் கட்டி வாசல் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தார். காலடியில் ப்ளாஸ்டிக் வாளி, உள்ளே மோர்ப் பதத்தில் சுண்ணாம்பு. அடிக்கும்போது சுவர் சாம்பல் நிறமாகத்தான் இருந்தது. நான் காபி குடித்துத் திரும்பி வருவதற்குள் காய்ந்து வெளுத்திருந்தது. படம் எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன். விரலை ஆட்டி ‘நோ’ என்றார், பிறகு ஜெரானியத் தொட்டியைக் காட்டி அதை எடுத்துக்கொள் என்றார். இதையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: பூந்தொட்டி எல்லோருக்கும், வாசலில் உட்கார்ந்திருப்பவர் கேட்ட பிறகு. திறந்த கதவுக்குள் போனை நீட்டாதீர்கள், அது யாரோ ஒருவரின் கூடம். எதிர்ப்படுகிறவர்களுக்கு ‘புவேனாஸ்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். காலையா மாலையா என்ற குழப்பமே இல்லாத வணக்கம் அது.

சாப்பாடு

பசிக்கிற நேரத்தை இரண்டு மணி நேரம் தள்ளிப்போடப் பழகுங்கள். மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு முன் ஆரம்பிக்காது, இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல். கடைகள் இரண்டிலிருந்து ஐந்துவரை மூடிக்கிடக்கும். தண்ணீர், மருந்து எதுவானாலும் அதற்குள் வாங்கிவிடுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது ‘பெரென்ஹேனாஸ் கோன் மியேல் தெ கான்யா’: கத்தரிக்காயை மெல்லிசாகச் சீவி, மாவில் புரட்டி மொறுமொறுப்பாகப் பொரித்து, மேலே அந்தக் கரும்புப்பாகைக் கம்பிக்கம்பியாக ஊற்றித் தருவார்கள். உப்பும் இனிப்பும் ஒன்றாக வரும். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் தொய்ந்துவிடும். அடுத்து ‘அஹோ ப்ளாங்கோ’, பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த வெள்ளைச் சூப்பு, மேலே திராட்சை மிதக்கும். ஆட்டுக்கறி பிடித்தவர்களுக்கு ‘சோத்தோ’, வெள்ளாட்டுக்குட்டிக் கறி, பூண்டு மணக்க.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் எச்சரிக்கை. ‘சோய் வெஹெத்தாரியானோ’ (பெண்கள் ‘வெஹெத்தாரியானா’) என்று சொன்னால் மட்டும் போதாது. ‘கார்னே’ என்றால் அவர்களுக்குப் பெரிய துண்டு இறைச்சி. பொடியாகத் தூவும் பன்றித்தொடையைச் சிலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாலட் கேட்டால் நடுவில் சூரை மீன் உட்கார்ந்திருக்கும். அதனால் தனித்தனியாகச் சொல்லுங்கள்: ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன்’. சின் என்றால் ‘இல்லாமல்’. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு ‘தொர்த்தியா’ எங்கும் கிடைக்கும்.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். 17ஆம் நூற்றாண்டின் பழைய ஊற்று ஒன்று, ஃபுவென்தே வியேஹா, பிரபுக் குடும்பத்தின் சின்னத்தோடு தெருவோரம் இருக்கிறது. அங்கே கொஞ்சம் நின்று மூச்சு வாங்கலாம்.

தங்கினால் மாலை, மறுநாள்

ஆறு மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் போய்விடும். நாற்காலிகள் வாசலுக்கு வரும், பிள்ளைகள் சதுக்கத்தில் பந்து உதைப்பார்கள், எங்கோ ஒரு ஜன்னலில் பூண்டு தாளிக்கும் வாசம். மேல்பேட்டையின் உச்சிக்கு ஏறினால் கூரைகளுக்கு அப்பால் கடல் தெரியும். இந்தப் பக்கத்து மஸ்கத்தெல் இனிப்பு ஒயின் ஒரு சின்னக் கிளாஸ் போதும். உலர்திராட்சையைத் திரவமாக்கியதுபோல் இருக்கும், இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு அந்தப் படிகளில் இறங்குவது உங்கள் பாடு.

மறுநாள் காலை நடக்க விரும்புகிறவர்கள் ஊருக்குக் கீழே இகெரோன் ஆற்றுப்பள்ளத்தில் இறங்கலாம். ஆறு என்பது பேருக்குத்தான். இரண்டு பக்கமும் பாறை நெருங்கி வரும், சில இடத்தில் கணுக்காலளவு தண்ணீரில் நடக்க வேண்டியிருக்கும். மழைநாளில் மட்டும் இறங்காதீர்கள். எல் ஃபுவெர்த்தே மலையுச்சி கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர். அது அரைநாள் வேலை, நிழலே கிடையாது, தண்ணீர் இரண்டு லிட்டராவது வேண்டும். அவசர உதவிக்கு எண் 112.

நெர்ஹாவுக்கு இறங்கியபின் நேரம் இருந்தால் அங்குள்ள குகைக்குப் போகலாம். 1959 ஜனவரியில் உள்ளூர்ப் பையன்கள் ஐந்து பேர் கண்டுபிடித்தது. போகும் வழியில் நாலடுக்கு வளைவுகளோடு நிற்கும் ஆகிலா நீர்ப்பாலத்தைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒரு சர்க்கரை ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது. மேலே பாகு காய்ச்சும் மாளிகையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது என்ன, ஏன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, கரும்புப்பாகு. கண்ணாடிச் சீசாவில் விற்கிறார்கள், தோசைக்கும் ஆகும் என்பதை நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். வாங்கினால் அதைத் துணியில் சுற்றி, விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் நூறு மில்லிக்கு மேற்பட்ட திரவம் என்று சோதனையில் எடுத்துவிடுவார்கள். ‘இது தேன், தண்ணீர் இல்லை’ என்று நான் வாதாடிப் பார்த்தேன். சீசாவைக் கவிழ்த்துக் காட்டினார் அந்த அதிகாரி. உள்ளே பாகு மெல்ல, மிக மெல்ல, மூடிப்பக்கம் இறங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் அதைத் தொட்டியில் போட்டார்.